பெர்சிக்குப் படுக்கை போட்டேன்

"பெர்சி இந்த ரூமை விட்டு ஒரு அங்குலம்கூட நகர மாட்டான். இது நெவில் ட்ரம்பத் எடுத்த முடிவு!"

சமையலறை நடுவில் நின்று, மேஜையை ஒரு தட்டுத் தட்டி இப்படி முழங்கியது நான்தான். குரல் கம்பீரமாகத்தான் வந்தது. கையில் பாத்திரம் துடைக்கிற துணி இருந்ததுதான் கொஞ்சம் இடித்தது. வீர வசனம் பேசுகிறவன் முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி கிளெனிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"சரி நெவில். அந்தத் தட்டுக்குப் பின்பக்கமும் தொடை."

துடைத்தேன். முடிவு வேறு, தட்டு வேறு.

பெர்சி என் பாம்பு. மரத்தில் வாழும் பச்சை மலைப்பாம்பு. வாழைக்குருத்து நிறம். அவன் பரம்பரை வடகோடி மழைக்காட்டுப் பரம்பரை. அங்கே இலை நுனியில் எந்நேரமும் தண்ணீர் சொட்டும். நாங்கள் இருப்பதோ ஆஸ்திரேலியப் பாலைவன ஓரத்துச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில். இங்கே கொடியில் சட்டையைப் போட்டு இரண்டாவது கிளிப்பை மாட்டுவதற்குள் முதல் கிளிப் பக்கம் காய்ந்துவிடும். பாம்பு வளர்க்க லைசென்ஸ் இருக்கிறது, கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி இருக்கிறது, கிளை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. ஈரம் மட்டும் இல்லை.

ஈரம் இல்லாவிட்டால் பாம்புக்குத் தோல் ஒழுங்காக உரியாது. மார்ச் மாதம் பெர்சிக்குத் தோல் பழைய சுவரில் பெயின்ட் உதிர்வதுபோலத் துண்டு துண்டாக உதிர்ந்தது. வால் நுனியில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னும் இரண்டு தடவை இப்படி ஆனால் வால் நுனியை மறந்துவிடுங்கள் என்று மிருக டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிளெனிஸ் அப்போதுதான் தன் யோசனையை எடுத்துவிட்டாள்.

"லாண்டரி ரூமுக்கு மாத்திடு. அங்க துணி தொவைக்கிற தண்ணி, வெந்நீர் ஆவி எல்லாம் இருக்கு. அவனுக்கும் நல்லது."

"உனக்கு?"

"எனக்கு என்ன?"

"அந்த ரூம் காலியாகும். உன் கூட்டம் அந்தப் பத்தடிச் சட்டத்தக் கொண்டாந்து போடும்."

ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்கள் ஆறு பேர் கிளெனிஸின் கூட்டம். வாரத்தில் இரண்டு நாள் கூடுவார்கள். போர்வையை இழுத்துக் கட்டித் தைக்க அவர்களிடம் கட்டிலைவிடப் பெரிய மரச் சட்டம் ஒன்று உண்டு. அது இருந்த மண்டபத்தில் கூரை வேலை நடக்கிறது. சட்டத்துக்கு ஒரு வீடு வேண்டும். எங்கள் வீட்டில் உபயோகமில்லாத அறை ஒன்று இருப்பதாக அந்த ஆறு பேரும் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். உபயோகமில்லாத அறை! பெர்சி அங்கே என்ன வாடகைக்கு இருக்கிறானா?

"அந்த ரூம்ல ஈரம் நிக்காது நெவில். வடக்கு ஜன்னல். இந்த ஊர்ல வடக்கே இருந்துதான் நாள் பூரா வெயில்."

"நிக்க வெப்பேன்."

"எப்படி? போன தடவ ஈரப் புகை விடற மெஷின் வெச்சியே, என்னாச்சு? பாம்புக்குத் தோல் உரியல. செவுத்துக்கு உரிஞ்சுது."

சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதத்தைச் சொல்கிறாள். அவள் அம்மா தேர்ந்தெடுத்த காகிதம். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

"மெஷினே வேண்டாம். படுக்கை! பொட்டிக்கு அடியில போடுற விரிப்பு. சரியான விரிப்பா பாத்துப் போட்டா அது தண்ணியக் குடிச்சு வெச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும்."

"அவன் படுக்கையில எங்க படுக்கிறான்? கெளையவிட்டு எறங்கறதே இல்ல. காயப்போட்ட சாக்ஸ் மாதிரி மடிஞ்சு தொங்கிக்கிட்டே கெடக்கான்."

"கீழருந்து ஈரம் மேல வரும். இது விஞ்ஞானம்."

"நம்ம மெத்தையில நடுவுல பள்ளம் விழுந்து பதினாலு வருஷமாச்சு. அதுக்கு ஏதும் விஞ்ஞானம் இருக்கா?"

இப்படிப் பேசினால் எந்த மனிதனுக்கு ரத்தம் கொதிக்காது? எனக்குக் கொதித்தது. கொதித்ததற்குச் சாட்சியும் இருக்கிறது. மேல் எண் நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின் ஒன்றை வாங்க வைத்திருக்கிறார். அன்று நூற்று ஐம்பத்திரண்டு.

ஆனால் நான் சாதாரண ஆள் இல்லை. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்துக்குள் காற்று அளந்தவன். பூமிக்கடியில் எந்தச் சுரங்கப் பாதையில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று நான் எழுதிக் கொடுக்காமல் ஒருத்தன் கடப்பாரையைத் தூக்க முடியாது. ஓய்வு பெற்றபோது பித்தளை விளிம்பு வைத்த ஈரமானி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஜேபிக் கடிகாரம் மாதிரி இருக்கும். முள் காற்றின் ஈரத்தைக் காட்டும். முதுகில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதைத்தான் பெர்சியின் பெட்டிக்குள் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். கை பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், கருவி பொய் சொல்லாது. வேலைக்குப் புதிதாக வந்த ஒவ்வொருத்தனுக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றேன்.

"வெச்சுக்கலாம்," என்றாள் கிளெனிஸ். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னாள். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தை நானே என் கையால் எழுதினேன். ஒன்று: செப்டம்பர் முதல் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஈரமானி அறுபதோ அதற்கு மேலோ காட்டினால் பெர்சி அந்த அறையிலேயே ஆயுசுக்கும் இருப்பான். குறைந்தால் லாண்டரி. இரண்டு: விரிப்பும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை கையால் தெளிக்கிற தண்ணீரும் மட்டுமே அனுமதி; மெஷின் கூடாது. மூன்றாவது விதிதான் என் மூளைக்குச் சான்று. அவளைப் பற்றி எனக்குத் தெரியும். அறுபது காட்டினாலும் உள்ளே கையை விட்டு "காஞ்சு கெடக்கே" என்பாள். அதனால் எழுதினேன்: "ஈரமானி காட்டும் எண்ணே முடிவு. கையால் தொட்டது, கண்ணால் கண்டது, மூக்கால் முகர்ந்தது எதுவும் செல்லாது. மேல்முறையீடு கிடையாது."

பக்கத்து வீட்டு தாவோரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டினேன். தாவோரும் என்னோடு சுரங்கத்தில் இருந்தவன்தான். குண்டு வைக்கிற வேலை. பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"மூணாவது விதி ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கேடா," என்றான்.

"அதான் வேணும்."

"யாருக்கு?"

முதலில் செய்தித்தாள் விரித்தேன். பழங்கால முறை. நாலு மடிப்பு, மேலே தண்ணீர் தெளிப்பு. இருபத்து நாலு காட்டியது. ஒரு மணி நேரத்தில் காய்ந்து அப்பளமாகிவிட்டது. இதில் இன்னொரு வினை. நான் விரித்தது அன்றைய தாளை. குறுக்கெழுத்துப் பக்கம் பெர்சியின் கிளைக்கு நேர் கீழே அமைந்துவிட்டது.

"நெவில், பதினேழு மேலிருந்து கீழ் நான் இன்னும் போடல."

"பெர்சி போட்டுட்டான்," என்றேன்.

அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும்.

அடுத்து ரெட்கம் என்கிற யூகலிப்டஸ் மரத்தின் பட்டைச் சீவல். தோட்டக் கடையில் ஒரு மூட்டை வாங்கி ஊறவைத்து, ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டினேன். அடடா, என்ன மணம்! முள் அசைந்தது. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐந்தாம் நாள் ஐம்பத்திரண்டு. நான் அறைக்கும் ஃபிரிட்ஜுக்குமாக நடந்து, ஒப்பந்தத்தின் ஓரத்தில் அன்றாட எண்ணைப் பெரிதாக எழுதினேன். கிளெனிஸ் பார்க்க வேண்டுமே! பார்த்தாள். ஐம்பத்திரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லா ஏறுதே நெவில்."

"ஏறும்."

"பாவம், அந்தக் கருவிய பெர்சி சுத்திக்கிட்டான்னா முள்ளு ஒடஞ்சிடாதா? உன் பேரு வேற போட்டிருக்கு."

அடுத்த திங்கட்கிழமை ஈரமானிக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். நீலப் பூத்துணி, உள்ளே மெத்தென்று பஞ்சு, முகம் தெரிய வட்டமாக ஒரு ஜன்னல், ஓரத்தில் சுருக்கு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேறு யாராவது பார்த்தால் ஈரமானிக்கு எதற்கு உறை என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம். டீ கெண்டிக்கு உறை உண்டு. அவித்த முட்டைக்கு உறை உண்டு. வெந்நீர்ப் பைக்கு உண்டு. கழிப்பறையில் உபரி காகிதச் சுருளுக்குப் பாவாடை கட்டி, தலையில் ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறாள். இந்த வீட்டில் உறை இல்லாமல் நடமாடுகிறவன் நான் ஒருத்தன்தான். என்னையும் ஜூலைக் குளிரில் ஸ்வெட்டருக்குள் திணித்துவிடுவாள்.

"ரெண்டு தெச்சிருக்கேன். ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். திங்களுக்குத் திங்கள் மாத்தித் தொவைக்கிறேன். நீ தொட வேண்டாம், உன் கை அழுக்கு."

அந்த வாரமே என் துன்பம் ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டு முப்பத்து நாலானது. திறந்து பார்த்தால் பட்டைச் சீவல் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மூலையில் சின்னச் சின்னக் காளான்கள்.

"டோஸ்ட்ல போட்டுத் தரட்டா?" என்றாள் கிளெனிஸ், எட்டிப் பார்த்து.

பூஞ்சைதான் ஈரத்தையெல்லாம் குடிக்கிறது என்று முடிவு கட்டினேன். மூட்டையோடு குப்பைக்கு அனுப்பினேன். ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தாறு.

மூன்றாவது, தேங்காய் நார்த் தூள். செங்கல் மாதிரி காய்ந்து இறுகிப்போய் வரும். தண்ணீரில் போட்டால் பொங்கும். ஒரு பெட்டிக்கு ஒரு கல் போதும் என்று மேலே எழுதியிருந்தது. எழுதினவனுக்குப் புரோக்கன் ஹில்லைத் தெரியாது என்று நினைத்து ஆறு கல்லை லாண்டரித் தொட்டியில் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கால்பந்து பார்க்கப் போனேன்.

இடைவேளையில் கிளெனிஸ் வந்து நின்றாள். வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால்வரை பழுப்பு.

"நெவில், லாண்டரியில ஏதோ ஒண்ணு வளருது."

ஓடினேன். தொட்டியைத் தாண்டி, துவைக்கும் மெஷினை மூடி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, காப்பாற்று என்பதுபோல.

அள்ளினேன். நான்கு மணி நேரம் அள்ளினேன். பெட்டிக்குப் போக மீதியை எட்டு வாளிகளில் வைத்தேன். ஆனால் பொருள் அருமையான பொருள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒரே ஒரு சொட்டு விழும், நொறுங்காது, நாறாது, பூஞ்சை பிடிக்காது. என்ன பிரயோசனம்? மறுநாள் முள் இருபத்தொன்பதில் நின்றது!

நான்காவதாக அதன்மேல் பாசி போட்டேன். டாஸ்மேனியாவில் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்துக் காயவைத்த நீளப் பாசி. ஊறவைத்துப் பிழிந்து, நார்த் தூளின்மேல் மெத்தை மெத்தையாக அடுக்கினேன். என் சொந்த மெத்தையை நான் அப்படித் தட்டிப் போட்டதில்லை. முப்பத்தொன்று.

தாவோரைக் கூட்டி வந்து காட்டினேன். அவன் பெட்டிக் கதவைத் திறந்தான். அவன் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடிவிட்டது. தடவித் தடவி என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், ஒண்ணுமே தெரியலடா. உள்ள அவ்ளோ ஆவி."

"முப்பத்தொண்ணுதான் காட்டுது."

"பொட்டிக் கண்ணாடியப் பாரு, வேர்த்து ஊத்துது. கைய விட்டா நண்டு புடிக்கலாம்டா!"

"கை பொய் சொல்லும் தாவோர். கண்ணும் சொல்லும்."

"அப்ப உன் கருவி?"

"சொல்லாது."

"வேற ஒரு ஈரமானி வாங்கி வெச்சுப் பாரேன்."

எனக்கு வந்ததே கோபம். என் பெயர் பொறித்த கருவியைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்குவதா? முப்பத்தோரு வருஷத்துக்கு என்ன அர்த்தம்? அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அவன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனான்.

ஆகஸ்ட் முழுக்க நான் பட்டபாட்டை யாரிடம் சொல்வேன்? நார்த் தூளின் உயரத்தைக் கூட்டினேன், குறைத்தேன். பாசியைக் கீழே போட்டு நார்த் தூளை மேலே போட்டேன். இரண்டையும் கலந்து கேக் மாவு மாதிரிப் பிசைந்தேன். ஏற வேண்டிய எண் ஏறவில்லை. இறங்க வேண்டிய எண் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் நூற்று அறுபத்து மூன்று. கிளெனிஸ் ஒவ்வொரு காலையும் என் கையில் அந்தப் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். திங்கட்கிழமைகளில் ஈரமானிக்கு உறை மாற்றினாள். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை வந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன். பெர்சி கிளையில் புதுப் பச்சையாகப் பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே பாசியின்மேல் அவன் சட்டை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே உருப்படி. ஒரு கிழிசல் இல்லை. கண்மேல் இருக்கிற வட்டச் சவ்வுகூட அப்படியே அதில் வந்திருந்தது. வாலைத் தொட்டுப் பார்த்தேன். வளையம் இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"கிளெனிஸ்! பாரு! முழுசா உரிச்சிருக்கான்! ஈரம் இல்லாம இப்படி வருமா?"

அவளும் வந்து, தோலை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

"எவ்ளோ அழகா இருக்கு நெவில். கருவி என்ன சொல்லுது?"

கருவி முப்பத்து மூன்று என்றது.

மூன்று மணிக்கு தாவோர் வந்தான். மேஜைமேல் உறை போட்ட டீ கெண்டி. பெட்டிக்குள் உறை போட்ட ஈரமானி. நான் அதன் முகத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். முப்பத்து மூன்று. இன்னொரு தட்டு. முப்பத்து இரண்டரை.

"தட்டாத, இன்னும் எறங்கும்," என்றான் தாவோர்.

"ஆனா தோலப் பாருங்க! கண்ணாடி வேர்த்திருக்கறதப் பாருங்க! தொட்டுப் பாருங்க!"

கிளெனிஸ் ஃபிரிட்ஜிலிருந்து காகிதத்தை எடுத்து வந்து மூன்றாவது விதியைப் படித்தாள். ரொம்பத் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'மூக்கால் முகர்ந்தது' வரும் இடத்தில் தாவோருக்கு டீ புரையேறிவிட்டது.

மூன்று பத்துக்கு வாசலில் லாரி நின்றது. பத்தடிச் சட்டம் இறங்கியது.

"லாரிக்கு எப்ப சொன்ன?" என்றேன்.

"போன செவ்வாக்கெழம."

"நான் தோப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தொம்போது வருஷமா உன்னோட இருக்கேனே நெவில். சட்டத்தோட அந்த முனையப் புடி."

பிடித்தேன். பெர்சியின் பெட்டியை அதே கிளையோடு, அதே நார்த் தூளோடு, அதே பாசியோடு லாண்டரியில் துவைக்கும் மெஷினுக்கு மேல் பலகையில் ஏற்றினோம். அவன் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டான். நன்றி கெட்டவன்.

திங்கட்கிழமை லாண்டரிக்குப் போனபோது ஈரமானி உறையில்லாமல் வெறும் உடம்போடு தொங்கியது. எழுபத்தொன்று!

ஆகா என்று ஆனது எனக்கு. லாண்டரியின் மகிமையே மகிமை என்று நினைத்தேன். கிளெனிஸ் சொன்னது சரிதான், வடக்கு ஜன்னல்தான் சனியன் என்று மனதார ஒப்புக்கொண்டேன். அதை நேரில் சொல்லி மன்னிப்புக்கூடக் கேட்டுவிட்டேன்.

"பரவால்ல நெவில், போ," என்றாள் பெருந்தன்மையாக.

பிறகு வேலிப் பக்கம் போய் தாவோரிடமும் சொன்னேன். அவன் வந்து பார்த்தான். எழுபத்தொன்றையும் பார்த்தான், பெட்டியையும் பார்த்தான், அறையையும் பார்த்தான்.

"துணி தொவைச்சாங்களா இன்னைக்கு?"

"இன்னும் இல்ல."

"வெந்நீர்?"

"இல்ல."

"அப்ப ஆவி எங்கேர்ந்துடா வந்துச்சு? அதே பொட்டி, அதே விரிப்பு. அங்க முப்பத்து மூணு, இங்க எழுவத்தொண்ணு. நடுவுல எது மாறுச்சு?"

நான் யோசித்தேன். அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இஸ்திரிக் கூடைக்குள் கிடந்த நீல உறையை எடுத்து அழுத்தினான். சரக் சரக் என்றது.

"பஞ்சு இப்படிச் சத்தம் போடுமா?"

ஓரத் தையலைப் பிரித்தோம். உள்ளேயிருந்து ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மொத்தம் பதினொன்று. புது ஷூ பெட்டிக்குள் போட்டிருப்பார்களே, ஈரம் உறிஞ்சுகிற குருணைப் பொட்டலம், அது. ஒவ்வொன்றின் மேலும் 'சாப்பிடாதீர்கள்' என்று அச்சடித்திருந்தது. என் கருவியைப் பதினொரு உறிஞ்சிகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாரக்கணக்கில் உறிஞ்சியிருக்கின்றன. மஞ்சள் உறையைப் பிரித்தோம். அதில் பதின்மூன்று. கிளெனிஸ் வாரத்தில் மூன்று நாள் ஷூ கடையில் வேலை பார்க்கிறாள் என்பதை நான் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை இல்லையா? எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இரண்டு கையிலும் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு அறைக்குள் பாய்ந்தேன். சட்டத்தைச் சுற்றி ஆறு பெண்களும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக என் மனைவி.

"இது என்ன?" என்று கர்ஜித்தேன்.

கிளெனிஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"சாப்பிடாதேன்னு போட்டிருக்கே. எழுதினதப் படி."

ஆறு ஊசிகள் நின்றன. ஆறு பேரும் குனிந்துகொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"இது மோசடி! பந்தயம் செல்லாது! என் பாம்போட உயிரு..."

"அவன் உயிருக்கு என்ன? நார்த் தூள்லயும் பாசிலயும் தெனமும் கைய விட்டுப் பாத்தேன். ஜம்முன்னு ஈரமா இருந்துச்சு. கொறஞ்சா நானே தெளிச்சிருப்பேன். தோலு முழுசா உரிஞ்சுதா இல்லையா?"

"உரிஞ்சுது."

"அப்பறம் என்ன? உன் விரிப்பு ஜெயிச்சிடுச்சு நெவில். நீதான் தோத்துட்ட."

"ஒப்பந்தத்துல..."

"கருவி காட்டற எண்ணே முடிவு. மேல்முறையீடு கெடையாது. உன் கையெழுத்து. மெஷின் கூடாதுன்னு போட்ட. உறை கூடாதுன்னு எங்க போட்ட?"

நான் தாவோரைப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த எட்டு வாளி நார்த் தூள் இருக்கில்ல," என்றாள் கிளெனிஸ், ஊசியை மறுபடி இறக்கிக்கொண்டே, "போற வழியில வாசல் பூந்தொட்டிங்களுக்குப் போட்டுடு."

போட்டேன்.

பெர்சி லாண்டரியில் கொழுத்துவிட்டான். மெஷின் சுழலும்போது அந்த ஆட்டத்தில் சொக்கிப்போய்த் தூங்குகிறான். என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக என் ரத்த அழுத்தம் நூற்று இருபத்திரண்டு. எழுதிக் கொண்டுபோன எண்களைப் பார்த்து டாக்டர் கை குலுக்கினார். எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டார். விரக்தி, டாக்டர் என்றேன்.

இன்று காலை கிளெனிஸ் வழக்கம்போல என் கையில் பட்டையைச் சுற்றும்போதுதான் கவனித்தேன்: அந்த மெஷினுக்கும் நீலப் பூப்போட்ட உறை ஒன்று போட்டிருக்கிறாள்.